பாடு இல்லாத நாட்கள்

எங்கள் ஏரியில் இடம் யாருக்கும் சொந்தமில்லை. நாள்தான் சொந்தம். இன்றைக்கு நல்ல துறையில் வலை கட்டியவர் நாளைக்கு அதை அடுத்தவருக்கு விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். மறுபடி அவர் முறை வரும்வரை அந்தத் தண்ணீரில் எவ்வளவு எறா, அதாவது இறால், ஓடினாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பழவேற்காட்டில் இதைப் பாடு என்போம். நைனா என்றால் எங்கள் அப்பா. "இன்னிக்கு நைனாவுக்குப் பாடு" என்று அம்மா சொன்னால் வீடு முழுக்க ஒரு பரபரப்பு இருக்கும். பாடு இல்லாத நாட்கள் அதைவிட மிக அதிகம். என்னை வளர்த்தவை அந்த நாட்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டி, கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது எங்கள் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனைதான் தமிழ்நாட்டுக்கு. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. பெயர்தான் ஏரி, பல இடங்களில் இடுப்பளவுகூடத் தண்ணீர் இருக்காது. எறாக்குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். தண்ணீர் வடியும் நேரத்தில் அது திரும்பும் வழியில் கழிகளை நட்டு வலை கட்டுவதுதான் சுத்து வலைத் தொழில். அப்படிக் கட்டத் தோதான இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிக் கொஞ்சம்தான் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் வெட்டுக்குத்துதான். அதனால் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று ஊர்க்காரர்களும் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். கல்யாணமான ஆண், ஊருக்குத் தலைக்கட்டு வரி கட்டுகிறவன், பாட்டுக்கு உரியவன். யாருக்கு எந்த நாள், எந்தத் துறை என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள்.

நாங்கள் மாதா கோயில்காரர்கள். 1515-இல் போர்த்துக்கீசியர் கட்டியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில்தான் எங்கள் கோயில். அடுத்த குப்பத்தில் அம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்பார்கள். ஊருக்குள்ளே ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் பழைய பள்ளிவாசல்களும் இருக்கின்றன. விடியற்காலைப் பாங்கு கேட்டதும் நைனா துடுப்பை எடுப்பார். அம்மன் கும்பிடுகிறவரும் மாதாவைக் கும்பிடுகிறவரும் பாட்டுக் கணக்கில் ஒரே வரிசையில் வருவார்கள். சீட்டுக்கு வேதம் கிடையாது.

பாடு இல்லாத நாளில் நைனா திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த கண்ணிகளை முடிவார். சில நாள் வீச்சு வலையை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போய் மடவையோ நண்டோ கொண்டுவருவார். மாலையில் பூசைக்குப் போவார். அவர் அதிகம் பேசாதவர். ஒரு மழைக்காலம் நன்றாக நினைவிருக்கிறது. ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் புகுந்து முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொண்டது. அமாவாசையை ஒட்டிய இரவு. ஏரியில் வளர்ந்திருந்த வெள்ளை எறா மொத்தமும் கடலைப் பார்த்து ஓடுகிறது என்று ஊரே கரைக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் பாடு எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு. அவர் படகு திரும்பி வந்தபோது விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நைனாவுக்கு மறுநாள் பாடு. என் அண்ணனுக்கு அன்று இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் காற்று மாறிவிட்டது. நைனா வலையில் பாசியும் குப்பையும், நடுவே கையளவு எறாவும்தான் வந்தன.

"ஒருநாள் முன்னாடி நம்ம சீட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று அண்ணன் குமைந்தான்.

வலையை உதறிக்கொண்டே நைனா சொன்னார்: "எறாவுக்கு அவன் பேரு தெரியுமா, எம் பேரு தெரியுமா?"

உள்ளேயிருந்து அம்மா உடனே பதில் கொடுத்தாள்: "எறாவுக்குத் தெரியாது. வட்டிக்காரனுக்கு நல்லாத் தெரியும்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டு பக்தி இருந்தது. நைனா சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சாமியாரின் பிரசங்கம் மாதிரி இருக்கும். அம்மா சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் வயிறு எரியும். இருவரும் சேர்ந்துதான் மாலையில் செபமாலை சொன்னார்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குண்டான் நிறைய எறா வந்தது. அதை யாரும் தானம் என்று நினைக்கவில்லை. வேறொரு மாதம் எங்கள் வலை நிறைந்தபோது அதே குண்டான் திரும்பிப் போனது.

நிறைந்த வலை என் திறமைக்குக் கிடைத்த பரிசும் இல்லை, வெறும் வலை என் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையும் இல்லை என்பதை நைனா யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. அவர் நடந்துகொண்ட விதத்தில் அது இருந்தது. நிறையப் பிடித்த நாளில் அவர் குரல் உயர்ந்ததில்லை. ஒன்றும் பிடிக்காத நாளில் எங்கள் மேல் கை ஓங்கியதில்லை. பிற்பாடு பொன்னேரிக்குப் பேருந்தில் போய்ப் படித்து ஆசிரியையாகி, தேர்வு முடிவு வரும் நாட்களில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை எல்லாம் தன்னால்தான் ஆனது என்று நினைக்கிறது. தோற்ற பிள்ளை தான் எதற்கும் ஆகாதவள் என்று நினைக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, காற்று எப்போது மாறியது என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை. உழைப்பு வேண்டாம் என்று நைனா சொல்லவே மாட்டார். கண்ணி ஒன்று விட்டுப்போயிருந்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. வலையைச் சரியாகக் கட்டுவதுவரை தன் வேலை, அதில் என்ன வந்து விழுகிறது என்பது தன் வேலையில்லை என்று அவர் பிரித்து வைத்திருந்தார். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று கற்றுக்கொள்ளவே எனக்குப் பாதி வயது ஆகிவிட்டது.

சீட்டைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஆயா, நைனாவின் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் வேதாகமக் கதைகள் எல்லாம் அவளுக்குக் குப்பத்தில் நடந்த சங்கதிகள் மாதிரிதான். பேதுருவை அவள் பேதுரு என்று சொன்னதே இல்லை, பழைய வழக்கப்படி இராயப்பர்தான். வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்தபோது இராயப்பர் என்ன செய்தார் என்று கேட்பாள். நாங்கள் ஆண்டவர் காலில் விழுந்தார் என்போம். "அதுக்கு முன்னாடி இன்னாடி பண்ணாரு? பக்கத்துப் படகுக்காரனைக் கையசைச்சுக் கூப்பிட்டாரு. ரெண்டு படகும் ரொம்புச்சு. அப்பறம்தான் கால்ல விழுந்தாரு" என்பாள். முதலில் பங்கு, பிறகுதான் பக்தி என்ற வரிசையை அவள் விடவே மாட்டாள்.

யூதாசு போன பிறகு பன்னிரண்டாவது சீடராக மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் சீட்டுக் குலுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லுவாள். மனிதன் கை நடுங்கலாம், பட்சம் பார்க்கலாம், சீட்டு பார்க்காது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. சிலுவையின் அடியில் நின்ற போர்வீரர்களும் சீட்டுத்தான் போடுகிறார்கள், ஆண்டவரின் தையல் இல்லாத அங்கிக்காக. அந்தச் சீட்டிலும் பட்சம் இல்லை. நால்வருக்கும் சமவாய்ப்புதான். அப்படியானால் அதுவும் நியாயம்தானே? வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சீட்டு ஒண்ணுதான்டி. யாரோட சட்டையைப் பங்கு போடுறோம்னுதான் பாக்கணும்."

அவள் அதைச் சொல்லிவிட்டுக் கஞ்சிக்குத் திரும்பிவிட்டாள். எனக்குத்தான் அது வேலை வைத்தது. பாட்டுக்காரர்களுக்குள் பாடு எவ்வளவு நியாயம் என்று தெரியும். பாட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள்?

தண்ணீர் வடியும் நேரம் ஏரி ஓரமாக ஒரு இருளர் அக்கா வருவார். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பு நனைய நீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எறா பிடிப்பார். வலையும் இல்லை, படகும் இல்லை. சிப்பி கிழித்த கைகள். எங்களுக்கெல்லாம் ஏரி பார்க்கிற பொருளாக இருந்தது; அவருக்கு அது தொட்டுத் தெரிந்துகொள்ளும் பொருள். கண்ணை மூடிக்கொண்டே எறா எது, நண்டு எது, கண்ணாடித்துண்டு எது என்று விரலால் சொல்லிவிடுவார். "உங்களுக்கு எப்பக்கா பாடு?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எங்களுக்கு யாரு குடுப்பாங்க பாப்பா? தண்ணி வடிஞ்சா இறங்குவோம். ஏறினா கரையேறுவோம்."

சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. உப்பில் மணிக்கணக்காக நின்றுவிட்டு எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருவார். ஆயா தண்ணீர் கொடுப்பாள். கொடுப்பாள் என்றால், அவர் கையைக் குவித்துக்கொள்ள வேண்டும், ஆயா உயரே இருந்து ஊற்றுவாள். சொம்பு ஆயா கையில்தான் இருக்கும். இராயப்பர் பக்கத்துப் படகைக் கூப்பிட்ட கதையைச் சொன்ன அதே ஆயாதான். எனக்கு அப்போது அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு வெயில் நாளில் ஆயா கோயிலுக்குப் போயிருந்தபோது அவர் வந்தார். அம்மா சொம்பையே எடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அதே நேரம் ஆயா திரும்பி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. சொம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். அடுத்த முறையும் அம்மா சொம்பைக் கொடுத்தாள். ஆயா மறுபடி தேய்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவே இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அம்மா கொடுப்பாள், ஆயா தேய்ப்பாள். இப்படியே போனது. எப்போதோ ஆயா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். எந்த நாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மாவும் கவனிக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் ஆயாவும் அந்த அக்காவும் பின்வாசலில் உட்கார்ந்து, முட்டிவலிக்கு எந்தத் தழையை வதக்கிக் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மனம் திருந்துவது என்றால் மின்னல் வெட்டிக் குதிரையிலிருந்து விழுவது என்றுதான் ஞானோபதேச வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். சவுலுக்கு அப்படி நடந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு பித்தளைச் சொம்பைத் தேய்ப்பதும் தேய்க்காமல் விடுவதுமாக நடந்தது. வயதான ஒருத்தி, தன் அறுபது வருட வழக்கத்தை, யாரிடமும் தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளாமல் கைவிட்டாள். பேசாமல், வாதாடாமல், சொம்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவின் பிடிவாதத்தைத்தான் நான் பார்த்த பெரிய செபம் என்பேன்.

பாட்டுக்கு வெளியே நின்றவர்களில் நானும் ஒருத்தி என்பது தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆனது. அண்ணனுக்குக் கல்யாணமானதும் அவன் பெயர் தலைக்கட்டில் ஏறியது. அன்றைக்கு வீட்டில் பிரியாணி. எனக்கு அப்படி ஏற வேண்டிய ஏடு எதுவும் இல்லை. ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, பொன்னேரி பேருந்தில் ஏறி விற்றுவிட்டு வந்தவள் அம்மா. அவள் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. நைனாவிடம் கேட்டபோது, "உனக்குப் படிப்பு இருக்குதே பாப்பா" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தொல்லியல் துறை வேலி போட்டிருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவனைப் பார்த்து, நீயும் இப்படித்தான் என்று சொல்வதற்காக. போர்த்துக்கீசியரைத் தள்ளிவிட்டு வந்தவர்கள் இங்கே 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரைக்கே பழவேற்காடுதான் அவர்கள் தலைமையிடம், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை. துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர். சின்ன வயதில் அந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து நாங்கள் பயப்படும்போது நைனா சொல்வார்: "அவங்க பாடு முடிஞ்சுச்சு, வேற ஒண்ணும் இல்ல." வலையை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காதவர்களின் ஊராகத்தான் எனக்கு அந்தத் தோட்டம் தெரிகிறது. எங்கள் ஊரில் ஏழை மீனவன்கூடப் பொழுது விடிந்தால் கழியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்தவனுக்கு இடம் விடுவான். பேரரசுகளுக்கு அது வரவில்லை.

2009-இல் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். பொதுச்சொத்தை ஊர் மக்களே விதி வகுத்துக்கொண்டு காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காகக் கொடுத்தார்கள் என்று படித்ததும் எனக்கு ஆர்வம் வந்தது. 1990-இல் வந்த அவருடைய நூலில் துருக்கியின் அலான்யா என்ற ஊர் வருகிறது. அங்கே மீனவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு இடம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சனவரிவரை நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர்கிறார்கள், அதன்பின் மேற்கே. நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வரும், மோசமான இடமும் வரும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டு வலைக்காரர்கள் சீட்டுப் போட்டுத்தான் முறை வைத்திருக்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். எங்கள் ஏரியையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் சஞ்சீவராஜ் போன்றவர்களும் பாட்டு முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நைனா திண்ணையில் உட்கார்ந்து செய்தது உலகம் பேசும் விஷயம் என்று தெரிந்தபோது பெருமையாக இருந்தது. பாடில்லாத ஊர்கள் பாட்டுக்காரர்களோடு மோதியது, சமரசத்துக்கு அதிகாரிகள் வந்து உட்கார்ந்தது எல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் பெருமையோடு கொஞ்சம் கூச்சமும் இருந்தது. முறை வைத்துப் பகிர்வது பெரிய அறம். யாரை வரிசையில் சேர்ப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முதலாவதைச் சரியாகச் செய்துவிட்டால் இரண்டாவது மறந்துபோகும் அபாயம் உண்டு.

இப்போது வரிசை நீண்டுவிட்டது, ஏரி சுருங்கிவிட்டது. தலைக்கட்டு கூடக் கூட ஒருவருக்கு முறை வரும் இடைவெளியும் கூடியது. கோடையில் மணல் அடைத்து முகத்துவாரம் மூடிக்கொள்கிறது. கடல் உள்ளே வராவிட்டால் எறாக்குஞ்சும் வராது. ஊர்க்காரர்களே மண்வெட்டியும் இயந்திரமுமாகப் போய் வெட்டித் திறந்த வருடங்கள் உண்டு. முகத்துவாரத்தைத் திறந்தே வைக்கக் கரையில் தடுப்புச் சுவர் கட்டும் திட்டம் அரசிடம் பேசப்பட்டு, வேலையும் தொடங்கியது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். 2023 ஜூலை 14-இல் சந்திரயான் புறப்பட்டபோது நான் ஊரில் இருந்தேன். படகுகள் எல்லாம் கரையில். ஊரே வானத்தைப் பார்த்தது. சத்தம் அடங்கியதும் அண்ணன் நைனாவின் குரலிலேயே சொன்னான்: "இன்னிக்குப் பாடு அவங்களுது." எல்லோரும் சிரித்தோம். நைனா இருந்திருந்தால் சிரித்திருப்பாரா தெரியவில்லை. முறை என்று வந்தால் கேட்டுக்கொள்வார். ஆனால் தன் முறையை யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டால் அதையும் முறை என்று ஒப்புக்கொள்கிறவர் இல்லை அவர்.

பொறுமையாக இரு, உன் நேரம் வரும் என்று சொல்வது எளிது. அதைப் பெரும்பாலும் சொல்கிறவர்கள் ஏற்கெனவே வரிசையில் இருப்பவர்கள். என் நைனாவின் பொறுமைக்கு அடியில் ஓர் உறுதி இருந்தது. அவர் பெயர் ஏட்டில் இருந்தது. நாள் வந்தே தீரும். அந்த இருளர் அக்காவிடம் பொறுமையைப் பற்றிப் பேச எனக்கு நா வராது. விசுவாசம் என்றால் காத்திருப்பது என்று மட்டும் நான் நினைத்திருந்த காலம் போய்விட்டது. எனக்குக் கிடைத்த நாளில் வலையைச் சரியாகக் கட்ட வேண்டும். முடிந்ததும் முணுமுணுக்காமல் இடத்தை விட வேண்டும். அதற்கு அப்புறம் கரையில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். வகுப்பில் கை தூக்கும் பிள்ளைகளையே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு சுகம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில் கை தூக்காத ஒருத்தியிடம் போய், அவள் வாய் திறக்கும்வரை நிற்பதற்கு நேரம் பிடிக்கும், பாடம் முடியாது, தலைமையாசிரியர் கேட்பார். ஆனாலும் போக வேண்டியிருக்கிறது. அம்மா சொம்பைக் கொடுத்த மாதிரி, திரும்பத் திரும்ப.

விடுமுறையில் ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் கோயிலில் சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கச் சொல்வார்கள். போன முறை திராட்சைத் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். தோட்டக்காரர் விடியலில் போய் ஆட்களைக் கூலிக்கு அழைக்கிறார். மறுபடி போகிறார், நண்பகலில் போகிறார், பிற்பகலில் போகிறார், பொழுது சாயும் நேரத்தில் கடைசியாக ஐந்தாவது முறையும் போகிறார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று நின்றவர்களையும் அழைத்து வந்து எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குக் கூலிதான் கண்ணில் பட்டது. முழுநாள் உழைத்தவனுக்கு அது அநியாயம் என்று ஆயாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கண்ணில் படுவது அந்த மனிதர் சந்தைவெளிக்கு நடந்த நடை. வேலைக்கு ஆள் போதாமல் இருந்தால் ஒரே தடவையில் கூட்டி வந்திருக்கலாம். யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் அவர் திரும்பத் திரும்பப் போனார் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண்குழந்தை கேட்டாள்: "அஞ்சாவது வாட்டிக்கு அப்பறமும் யாராச்சும் நின்னுக்கினு இருந்தா டீச்சர்?"

பக்கத்திலிருந்த பையன் முந்திக்கொண்டான். "பொழுது போயிருக்கும். வேலை இருக்காது."

"கூலி இருக்குமில்ல?" என்றாள் அவள்.

மணி அடித்துவிட்டது. அடுத்த முறை பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் போய் நைனாவையும் ஆயாவையும் கேட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். பாட்டுக்காரர் வீட்டிலும், பாடு இல்லாதவர் வீட்டிலும்.